ஒப்பந்தத்தில் இல்லாத சகலை

லிஃப்ட் மெக்கானிக் அந்த நாட்டில் வந்து இறங்கியபோது கம்பெனி அவனுக்கு நாற்பது நாளைக்கு ஒரு விடுதி அறை கொடுத்திருந்தது. அதற்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவியும் ஐந்து வயது மகளும் இரண்டு மாதத்தில் வந்து சேர டிக்கெட் போட்டாயிற்று. வீட்டைப் பற்றி அவன் கவலையே படவில்லை. கிளம்புவதற்கு முன்பே யாரோ அவனை ‘நம்மவர் உதவிக் கரம்’ என்ற குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். நானூறு பேர் உள்ள குரூப். நானூறு தமிழர்கள் இருக்கிற ஊரில் ஒரு தமிழனுக்குத் தலை சாய்க்க இடம் கிடைக்காதா என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வந்த அன்றே எழுதிப் போட்டான். இரண்டு அறை, சின்னக் குடும்பம், பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் நல்லது. கால் மணி நேரத்தில் அறுபது பதில்கள் வந்தன. முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். பன்னிரண்டு பேர் ‘வாழ்த்துகள் சகோ’ என்றார்கள். எதற்கு வாழ்த்து என்று தெரியவில்லை. ஒருவர் வீடு தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களை அனுப்பினார். அதில் முதலாவது, அவசரப்படக் கூடாது. இன்னொருவர் முழங்கால் வலிக்கு ஒரு தைலத்தைச் சிபாரிசு செய்தார். அது வேறு யாருக்கோ போட வேண்டிய பதில். வீடு இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஒருவர் போன் செய்தார்.

“வீடு இருக்கு தம்பி. நீங்க எந்தப் பக்கம்?”

மெக்கானிக் தன் விடுதி இருக்கும் தெருவைச் சொன்னான்.

“அது இல்ல. ஊர்ல எந்தப் பக்கம்?”

ஊரைச் சொன்னான்.

“அந்த ஊர்ல எந்தத் தெரு?”

தெருவையும் சொன்னான்.

“சரி, குலதெய்வம் எது?”

அதையும் சொன்னான். பிறகு அவர், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது, காய்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெயின்ட் இன்று வரை காயவில்லை.

அடுத்தவர் அப்படியெல்லாம் கேட்கவில்லை. நேரில் வரச் சொல்லி, செருப்பைக் கழற்ற வைத்து, அறைகளைக் காட்டினார். எண்ணெய் காயக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் திறந்திருக்கும்போது கூடாது. கடைசியில், “உங்க பொண்ணு ஓடுமா?” என்று கேட்டார்.

“அஞ்சு வயசுங்க.”

“அதான் கேக்குறேன். ஓடுமா?”

மெக்கானிக் யோசித்துப் பார்த்து, ஓடும் என்றான். அவர் வருத்தத்தோடு விளக்கை அணைத்தார்.

முப்பத்தைந்தாம் நாள் வரை இப்படியே போயிற்று. மனைவி தினமும் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். “நானூறு பேரும் சேந்து ஒரு வீடு பாக்குறாங்களா, இல்ல ஆளுக்கு ஒரு வீடு பாக்குறாங்களா?” என்று கேட்பாள். அவன் லைன் சரியில்லை என்பான்.

அப்போதுதான் செயலாளர் வந்தார். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் தலைவர்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். செயலாளர் மட்டும் பதினோரு வருஷமாக அவர்தான். மேடைக்கு யார் வந்தாலும் கூடவே வந்து நிற்கும் முகம் அவருடையது. அவரே மெக்கானிக்கின் விடுதிக்கு வந்து, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நாங்கல்லாம் இருக்கும்போது நீங்க எதுக்குத் தம்பி கவலைப்படணும்? குடும்பம் வர்ற வரைக்கும் நம்ம வீட்டுலயே இருங்க. அதுக்குள்ள சங்கம் உங்களுக்கு வீடு பாத்துடும். கமிட்டியே போட்டுருக்கோம்.”

செயலாளரின் வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி. மூன்று அறைகள், ஒரு ஹால். ஒரு அறையில் செயலாளரும் அவர் மனைவியும். இன்னொன்றில் பேக்கரியில் மாவு பிசையும் ரொட்டிக்காரர். மூன்றாவதில் நர்ஸ் படிப்புக்கு வந்த பெண். ஹாலின் நடுவே இரண்டு பீரோக்களை நிறுத்தி அதை இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் டாக்ஸி டிரைவர். மறுபக்கம் மெக்கானிக். படுத்தால் பீரோவின் முதுகு தெரியும். டிரைவர் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் இவன் கட்டில் ஆடும். சமையலறை ஃப்ரிட்ஜில் யார் எப்போது அடுப்பைத் தொடலாம் என்று அட்டவணை ஒட்டியிருந்தது. குளியலறைக்குத் தனி அட்டவணை. எல்லோருக்கும் வாடகை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை யாரும் அங்கே சொல்லக் கூடாது. ‘வீட்டுக்குக் குடுக்குறது’ என்றுதான் சொல்ல வேண்டும். நாம் ஒரு குடும்பம் மாதிரி என்று செயலாளர் சொல்லாத நாள் கிடையாது.

செயலாளரின் மனைவியை எல்லோரும் அக்கா என்றார்கள். அதிகம் பேச மாட்டார். அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே இருந்தது காலை ஐந்து மணி.

அந்த வீடு செயலாளருடையது என்றுதான் மெக்கானிக் நினைத்திருந்தான். மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்ததும் உண்மை தெரிந்தது. செயலாளரும் வாடகைக்குத்தான் இருந்தார். கட்டடம் ஒரு வயதான அம்மாளுடையது. வழக்கமாக வந்து பார்க்கிற ஏஜென்ட் இந்த முறை வரவில்லை, சனிக்கிழமை வீட்டுக்கார அம்மாளே வருகிறார் என்று கடிதம் சொன்னது. ஒப்பந்தப்படி அந்த வீட்டில் செயலாளரும் அவர் குடும்பத்தாரும் மட்டுமே குடியிருக்கலாம். குடும்பத்தார் என்றால் யார் யார் என்று ஒப்பந்தம் விளக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நான்கு கட்டில்கள் போடப்பட்டிருந்தன.

செயலாளர் அன்றே எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார். கையில் ஒரு தாள்.

“ஏஜென்ட் வந்தா ஒரு காபியோட போயிடுவான். இந்தம்மா கேள்வி கேக்கும். அதனால இப்பவே முடிவு பண்ணிடுவோம். ரொட்டிக்காரரு எனக்குச் சித்தப்பா. நர்சு பாப்பா என் அக்கா மக. டிரைவர் என் மச்சான், அதாவது இவளோட தம்பி. மெக்கானிக் தம்பி எனக்குச் சகலை.”

“எனக்கு முப்பத்தோரு வயசுதாங்க ஆகுது” என்றார் ரொட்டிக்காரர். செயலாளருக்கு ஐம்பத்து மூன்று.

“எங்க தாத்தாவுக்கு ரெண்டு சம்சாரம்னு சொல்லிக்கலாம்.”

அந்த ஊர் மொழியில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லோருக்கும் ஒரே சொல். சகலைக்குச் சொல்லே கிடையாது. மனைவியின் சகோதரியின் கணவன் என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். மெக்கானிக் மூன்று நாள் வேலைத்தளத்தில் ஏணி மேல் நின்றபடி அதை மனப்பாடம் செய்தான்.

அக்கா கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “எனக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாது. இவரு வருஷத்துக்கு ஒரு தங்கச்சியாவது தம்பியாவது எனக்குப் பொறக்க வெச்சுக்கிட்டு இருக்காரு.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் தேய்த்த சட்டையோடு வரிசையாக நின்றார்கள். செயலாளர் வீட்டுக்கார அம்மாளை வரவேற்கக் கீழே போனார். போய்ப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு அபாய மணி அடித்தது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது.

மெக்கானிக் படிகளில் இறங்கி மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்தான்.

“யாரும் பயப்படாதீங்க. கதவை இழுக்காதீங்க. மூச்சு முட்டாது, மேல காத்து வர வழி இருக்கு. எத்தனை பேர் இருக்கீங்க?”

“ரெண்டு பேர்” என்றது ஒரு வயதான பெண்குரல், அந்த ஊர் மொழியில். “இவர் ரொம்ப நடுங்குறார்.”

அந்த லிஃப்ட்டைப் பராமரிப்பது மெக்கானிக்கின் கம்பெனிதான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அனுமதி வாங்கினான். மெஷின் ரூம் சாவி அடுத்த கட்டடத்துக் காவல்காரரிடம் இருந்தது. மெயின் கரண்டை நிறுத்திவிட்டு ஒருவர் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். டிரைவரைக் கூட்டிக்கொண்டான். போகும்போது மற்றவர்களிடம், “உள்ள இருக்கிறவங்க பதறாம இருக்கணும். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஒத்திகை பார்த்தது வீணாகக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, ரொட்டிக்காரர் கதவைப் பார்த்து, தான் செயலாளரின் சித்தப்பா என்று அறிமுகம் செய்துகொண்டார். நர்ஸ் பெண் தான் அக்கா மகள் என்றாள்.

“அப்படின்னா உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?” என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

நர்ஸ் பெண் விரல் விட்டு எண்ணினாள். பொய்யானாலும் முறை தவறக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். “இவர் எனக்குத் தாத்தா” என்றாள்.

“தாத்தா குரல் இளமையா இருக்கே.”

“ரெண்டாவது சம்சாரம்” என்றார் ரொட்டிக்காரர், யாருடையது என்று சொல்லாமல்.

உள்ளே பென்சில் கீறும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் தன் கோப்பின் பின்னட்டையில் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தார். கரண்ட் இல்லாத இருட்டில் செயலாளர் மீதி இரண்டு பேரின் உறவையும் சொல்லிக்கொண்டே கைப்பேசி வெளிச்சத்தை அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

“டாக்ஸி ஓட்டுறவர் உங்க மனைவியோட தம்பி. மெக்கானிக் உங்க மனைவியோட தங்கச்சி வீட்டுக்காரர். அப்ப உங்க மனைவிக்குக் கூடப் பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேர்?”

அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் இல்லைங்க. நான் ஒரே பொண்ணு.”

உள்ளேயிருந்து செயலாளர் தமிழில், “சும்மா இரு” என்றார்.

“பதினோரு வருஷமா சும்மாதான் இருக்கேன்” என்றார் அக்காவும் தமிழில். பிறகு அந்த ஊர் மொழிக்கு மாறினார். அவருக்கு அது கொஞ்சம்தான் வரும். “எல்லாரும் வாடகை. நல்ல பிள்ளைங்க. ஆனா என் சமையலறையில எனக்கு அஞ்சு மணிதான்.”

அப்போது லிஃப்ட் மெல்ல அசைந்து மேலே வரத் தொடங்கியது. ஒவ்வொரு சாணாக ஏறி மூன்றாவது மாடிக்கு நேரே நின்றது. மெக்கானிக் இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தான். முதலில் செயலாளர் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால், கைத்தடியும் கோப்புமாக, நிதானமாக வீட்டுக்கார அம்மாள் வந்தார்.

“நீங்கதானே அந்த மெக்கானிக்? நீங்க இவருக்கு என்ன உறவு?”

மனப்பாடம் செய்த வாக்கியம் அவன் நாக்கு நுனியில் இருந்தது. மேலே மெஷின் ரூமில் சக்கரம் சுற்றியதில் உள்ளங்கை இரண்டும் எரிந்தன. படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

“ஒரு உறவும் இல்லைங்க. ஹால்ல பீரோவுக்குப் பின்னாடி இருக்கேன். மனைவியும் பொண்ணும் வர்றாங்க. வீடு தேடிக்கிட்டு இருக்கேன்” என்றான்.

வீட்டுக்கார அம்மாள் மேலே போய் எல்லாவற்றையும் பார்த்தார். கட்டில்களை எண்ணினார். ஃப்ரிட்ஜில் இருந்த அட்டவணையைப் பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு செயலாளரிடம் சொன்னார்: “தீப்பிடிச்சா இந்த வீட்டுல எத்தனை பேரைத் தேடணும்னு எனக்குத் தெரியணும். அறையில இருக்கிறவங்க என்கிட்ட நேராக் கையெழுத்துப் போடட்டும். ஹால் ஹாலாவே இருக்கணும்.”

செயலாளர் தமிழில் ஒரு பெருமூச்சு விட்டார்.

மெக்கானிக்கை வீட்டுக்கார அம்மாள் தனியாகக் கூப்பிட்டார். ஐந்தாவது மாடியில், மெஷின் ரூமுக்கு நேர் கீழே, இரண்டு அறை வீடு ஒன்று ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மோட்டார் சத்தத்துக்குப் பயந்து யாரும் வரவில்லை. “உங்களுக்குச் சத்தம் பழக்கம்தானே?”

சம்பளச் சீட்டும் சூப்பர்வைசரிடமிருந்து ஒரு கடிதமும் கேட்டார். மெக்கானிக் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். ஊர், தெரு, கோயில் என்று எல்லாப் பதிலும் வரிசையாகத் தயாராக வைத்திருந்தான். அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

டிரைவர் தன் டாக்ஸி நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்துக்கொண்டான். பீரோக்கள் சுவரோரம் போயின. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பருப்பு தாளித்தார். அந்த வாசனை மேல்மாடி வரை வந்தது.

குரூப்பில் செயலாளர் எழுதினார்: ‘சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் நம் மெக்கானிக் தம்பிக்கு இல்லம் அமைந்தது.’ கூடவே ஒரு படம். செயலாளர் லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். நூற்று நாற்பத்தாறு பேர் கை தட்டினார்கள். மெக்கானிக் நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினான். படித்துப் பார்த்தான். அழித்தான். ‘நன்றி’ என்று போட்டான். நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் இவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னான். அவள், “லைன் சரியில்ல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவியும் மகளும் வந்த முதல் ஞாயிறு, வீடு பார்க்க இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மகள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். தலைக்கு மேலே மோட்டார் உறுமும்போதெல்லாம் நின்று, “அப்பா, யாரோ மேல போறாங்க” என்பாள். வந்தவர்களில் ஒன்பது பேர், இந்த வீட்டைப் பற்றி முதலில் சொன்னதே தான்தான் என்று மனைவியிடம் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். குரூப்பில் தைலம் சிபாரிசு செய்தவர்.

“தம்பி, என் ஒன்னுவிட்ட தம்பி அடுத்த மாசம் வர்றான். இந்தப் பின்னாடி ரூம் சும்மாதான கெடக்கு?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. அவன் மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, வீட்டுக்கார அம்மாளின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

“இங்க வேண்டாங்க. அவங்களுக்கு வேற ரெண்டு கட்டடம் இருக்கு. நேராப் பேசச் சொல்லுங்க. நல்லவங்க.”

அவர் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அவங்க நம்ம ஆளு இல்லையே தம்பி.”

“இல்லதாங்க” என்றான் மெக்கானிக். “இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?”