இறுக்கமா, கீலா

மூளையில் சின்னதாக ரத்தம் கசிந்து, அரை வருடம் வீட்டில் கிடந்துவிட்டு ப்ரேபன் வேலைக்குத் திரும்பிய நாளில், ஓல்போர் நகரப் பொறியியல் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவர் மேசையில் சின்னக் கொடிகூட நட்டு வைத்தார்கள். கேக் தீர்ந்ததும் மேலாளர் லிஸ்பெத் அவரைத் தனியே அழைத்தார்.

"கட்டட வேலை எதுவும் இப்ப வேணாம், ப்ரேபன். நிதானமா ஒண்ணு செஞ்சு குடு. கிடங்கு, மாட்டுக் கொட்டகைன்னு நாம போடுற இரும்புச் சட்டகம் எல்லாத்துக்கும் ஒரே ஒர்க்‌ஷீட். அளவைப் போட்டா பதில் வரணும்."

ப்ரேபனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒர்க்‌ஷீட் போடும் மென்பொருளில் சூத்திரங்களைக் காகிதத்தில் எழுதுவதுபோலவே எழுதலாம். அலகுகளைத் தப்பாகக் கலந்தால் அதுவே சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். தூணின் உயரம், உத்தரத்தின் நீளம், பனியின் பாரம், காற்று எல்லாவற்றையும் மேலே வைத்தார். அதன் கீழே ஒவ்வொரு தூணின், உத்தரத்தின் விறைப்பையும் கோத்து, எண்கள் வரிசைவரிசையாக நிற்கும் ஒரு பெரிய அணி. கடைசியில், காற்றடித்தால் சட்டகம் எவ்வளவு சாயும் என்ற ஒற்றை எண். பழைய விளையாட்டரங்கு ஒன்றின் கணக்கைக் கையால் போட்டு ஒப்பிட்டார். அச்சாகப் பொருந்தியது. "தலை சரியாத்தான் இருக்கு, ஓசே" என்று மனைவியிடம் சொன்னவர், சாப்பாட்டு மேசையிலேயே அழுதுவிட்டார்.

எதிர் மேசையில் மால்தே இருந்தான். முப்பதைத் தாண்டியவன், கெட்டிக்காரன், எல்லாரையும் சிரிக்க வைப்பவன். ப்ரேபன் இல்லாதபோது அவர் வேலையை அவன்தான் பார்த்தான். அவருடைய குழுத் தலைவர் இடமும் தனக்கே என்று நினைத்திருந்தான். ஒருநாள் ப்ரேபன் காபி எடுக்கப் போன நேரத்தில், அவருடைய ஒர்க்‌ஷீட்டில் ஒரே ஒரு எண்ணை மாற்றினான். தூணின் அடி அஸ்திவாரத்தில் இறுகி நிற்கிறதா, கீல்போலச் சுழலுமா என்று சொல்லும் எண் அது. ஒன்று இருந்த இடத்தில் பூஜ்யம்.

சாய்வு மூன்று மடங்காகியிருந்தது. ப்ரேபன் மதியம் வரை தேடிக் கண்டுபிடித்தார்.

"மால்தே, இதை நீ தொட்டியா?"

"நானா? உன் ஃபைல்ல எனக்கென்ன வேலை, பெருசு? நேத்து நீயே மாத்தியிருப்ப."

ப்ரேபன் எண்ணைத் திருத்தினார். சில நாள் கழித்து வலப்பக்கத் தூண் கீலாகியிருந்தது. அதற்கப்புறம் பனியின் பாரம் பாதியாயிற்று. ஒவ்வொரு முறையும் தப்பை அவரே கண்டுபிடித்தார். அதைத் தானே செய்யவில்லை என்று மட்டும் அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஃபைலுக்குக் கடவுச்சொல் போட்டார்.

"எனக்கும் சொல்லி வை" என்றான் மால்தே, இரக்கத்தோடு. "நீ மறந்துட்டா என்ன பண்றது?"

நியாயம்தான் என்று பட்டது. சொன்னார்.

அலுவலகம் முழுவதும் கூடியிருக்க, பெரிய திரையில் ஒர்க்‌ஷீட்டைக் காட்டும் நாள் வந்தது. புதிதாகக் கட்டப்போகும் தானியக் கிடங்கின் அளவுகளை ப்ரேபன் போட்டார். காற்றில் அந்தக் கிடங்கு படுத்தே விடும் என்றது பதில். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் மேலும் கீழும் தேடினார்.

"காலையில சரியா இருந்துச்சே... நான்தான் மாத்திட்டேனோ?"

மால்தே எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினான். "நகரு பெருசு, நான் பாக்கறேன்." இரண்டே சொடுக்கில் சரியாயிற்று. கைதட்டினார்கள். ப்ரேபனும் தட்டினார்.

மறுவாரம் அவரே வேலையை விட்டார். லிஸ்பெத் ஒரு பேச்சுக்குக்கூடத் தடுக்கவில்லை. குழுத் தலைவர் இடம் மால்தேவுக்குப் போயிற்று, ஒர்க்‌ஷீட்டோடு.

கிறிஸ்துமஸ் விருந்தில், ஊறுகாய் மீனுக்கும் ஷ்னாப்ஸ் சாராயத்துக்கும் நடுவே, தான் எண்களை மாற்றிவைத்த கதையை மால்தே அவிழ்த்துவிட்டான். ப்ரேபன் முழித்த முழியை நடித்தும் காட்டினான். மேசையே குலுங்கிச் சிரித்தது. லிஸ்பெத்தும் சிரித்துவிட்டு, சட்டென நிறுத்தினார். வெளியே கோட்டு மாட்டும் இடத்தில் அவனைப் பிடித்தார்.

"நிஜமாவா?"

"விளையாட்டுதான். அவர்கிட்ட சொல்லணுமா?"

லிஸ்பெத் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தார். சொன்னால் விசாரணை வரும், தொழிற்சங்கம் வரும்.

"வேணாம். இப்பதான் மனுஷன் நிம்மதியா இருக்கான்" என்றார்.

ப்ரேபன் நிம்மதியாக இல்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். அடுப்பை அணைத்தோமா என்று ஓசேயை எழுப்பிக் கேட்டார். மருத்துவர் சோதித்து, எல்லாம் சரி என்றதை அவர் நம்பவில்லை. வசந்தத்தில் தன் பாய்மரப் படகையும் விற்க முடிவு செய்தார். லிம்ஃபியோர் கடற்கழியில் தலை குழம்பினால் ஓசேயும் சேர்ந்து மூழ்குவாள் என்று பயம்.

வாங்க வந்தவன் மால்தே.

துறைமுகத்தில் ப்ரேபன் ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க நீ ஒருத்தன்தான் எங்கிட்ட பொறுமையா இருந்த. நன்றிப்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, பெருசு" என்று சொல்லிவிட்டு மால்தே கயிற்றை அவிழ்த்தான்.

படகு பாலத்தைத் தாண்டும்வரை ப்ரேபன் பார்த்துக்கொண்டு நின்றார். ஓசே காரை எங்கே நிறுத்தியிருக்கிறாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவளிடம் கேட்டு, அவள் கைகாட்டிய பிறகுதான் நடந்தார்.