பங்கஜம் உட்கார்ந்த மதியம்

தி.நகரில் வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு நான்கு மாடி. மூன்றாம் மாடியில் காட்டன் புடவைகள், ஓரமாகப் பாவாடைப் பிரிவு. அந்த மாடிக்குச் சூப்பர்வைசர் பங்கஜம். சைதாப்பேட்டையிலிருந்து வருகிறவள். சேல்ஸ் பெண்ணாகச் சேர்ந்து, பல வருஷம் நின்று விற்று, அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் அட்டை அவள் கழுத்தில் ஏறியது.

வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட விதி. ஆள் படியேறி வரும்போது விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் அது வந்தவருக்கு அவமரியாதை என்பார். ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை, சாப்பிடும் நேரம் தவிர, எல்லோரும் நின்றபடிதான். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது அண்ணாச்சியும் ஸ்டூல்கள் வாங்கினார். வாங்கியவை மொட்டைமாடி கோடவுனுக்குப் போயின. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் கீழே இறங்கும்; அவர் போனதும் மேலே ஏறிவிடும்.

பங்கஜமும் அதற்கு உடந்தைதான். யாராவது அலமாரியில் சாய்ந்தால்கூட, "ஏய், நிமுந்து நில்லு, மேல கேமரா கீது" என்று அதட்டுவாள்.

ஆனி மாதம், ஒரு மதியம். மாடியில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. தாரணி என்ற பெண் பிரிக்காத புடவைக் கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். சில நாளாகவே அவள் கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, முறுக்கிக்கொண்டு நின்றது. பங்கஜம் பார்த்தாள். பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் கேமரா திரும்பவில்லை. கீழே அறையிலிருந்து அண்ணாச்சியின் போன் வந்தது.

"பங்கஜம், அந்தப் பிள்ள என்ன, வீட்டுல உக்காந்தாப்புல உக்காந்திருக்கு? பைய எடுத்துக்கிட்டு கெளம்பச் சொல்லு. நாளைலேருந்து வர வேண்டாம்."

தாரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதோ எந்திரிச்சிட்டேன்க்கா" என்றாள்.

பங்கஜம் போனை வைத்தாள். மொட்டைமாடிக்குப் படியேறிப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் ஸ்டூல்கள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். மேல்மூச்சு வாங்க ஒரு ஸ்டூலைத் தாரணி பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றைக் கேமராவுக்கு நேர் எதிரே போட்டு, தானே உட்கார்ந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க? உக்காருங்க. ஆள் வந்தா எந்திரிச்சா போதும்."

யாரும் உட்காரவில்லை. அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

"என்னம்மா நடக்கு இங்க?"

பங்கஜம் எழுந்து நின்றாள். பயந்து அல்ல, பேசுகிறவர் முதலாளி என்பதால்.

"தாரணி போவ மாட்டா அண்ணாச்சி. அவ தப்பு பண்ணல. தப்பு பண்ணது நான். ஸ்டூல தூக்கி மேல அடுக்கச் சொன்னது நான்தான?"

"நானும் ரெங்கநாதன் தெருவுல நின்னுதான் யாவாரம் பாத்தேன். எனக்கு மட்டும் காலு வலிக்கலையா?"

"வலிச்சிருக்கும். ஆனா நீங்க நின்னது உங்க கடைக்கு."

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "இனி நீ சூப்பர்வைசர் இல்ல" என்றார். பங்கஜம் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நின்னு விக்கிறது எனக்கு இன்னா புதுசா? ஆனா ஒண்ணு. வர்ற லீவு நாள்ல லேபர் ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். முதுகுக்குப் பின்னால போவக்கூடாதுன்னு உங்ககிட்டயே சொல்லிட்டேன்."

மறுநாள் அண்ணாச்சி மயிலாப்பூரிலிருந்து தன் வக்கீல் வெங்கடரமணனை வரவழைத்தார். இரண்டு பேரையும் வேலையை விட்டு எடுக்க வழி கேட்டார். வக்கீல் காபியைக் குடித்து முடித்தார்.

"ஸ்டூல் வாங்கி வெச்சிண்டா போதும்னு சட்டம் சொல்லலை சார். வேலைக்கு நடுவுல நேரம் கெடைச்சா உக்கார விடணும்னு சொல்றது. உக்காந்ததுக்காக ஒருத்தரை அனுப்பினேள்னா நாளைக்கு நான் என்னத்தச் சொல்லி வாதாடுறது? அதுவும் அந்தம்மா உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேங்கறா. இப்படி ஒரு ஆளை எங்கே தேடிப் பிடிப்பேள்?"

அண்ணாச்சி வெகுநேரம் கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மூன்றாம் மாடிக்கு வந்தார். பங்கஜம் பாவாடைப் பிரிவில் நின்று ஒரு அம்மாவுக்கு நிறம் பொருத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போகும்வரை ஓரமாக நின்றார்.

"அந்தப் பிள்ள இருக்கட்டும். ஸ்டூலும் இங்கனயே கெடக்கட்டும். நீ ஆபீசுக்கெல்லாம் போவாத."

"எல்லா மாடியிலயுமா அண்ணாச்சி?"

கிடைத்ததோடு அக்கா நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று தாரணிக்கே தோன்றியது.

"எல்லா மாடியிலயும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி இறங்கிப் போனார். அட்டையைப் பற்றி அவர் பேசவில்லை. பங்கஜமும் கேட்கவில்லை.

பாவாடைப் பிரிவில்தான் இன்னமும் இருக்கிறாள். புது சூப்பர்வைசர் அவளைவிடச் சின்னவள். "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். மற்ற மாடிப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து பங்கஜத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கத்தான் வந்தோம் என்று ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் சில நாள் உட்காரவே அவர்களுக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று விழித்தார்கள். நிலா என்ற புதுப்பெண் எந்தச் சத்தம் கேட்டாலும் அண்ணாச்சிதானோ என்று துள்ளி எழுந்துவிடுவாள்.

"உக்காரு நிலா" என்பாள் பங்கஜம், பாவாடைகளை மடித்தபடியே. "அது சரக்கு லிப்ட் சத்தம்."