வாடகை வயிறு

பெட்டை நாயின் வயிற்று முடியை மழித்ததும் டாக்டரின் கை நின்றுவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பழைய அறுவைத் தழும்புகள்.

"இதுதான் முதல் பிரசவம்னு சொன்னீங்க?"

கதவருகே நின்ற கம்பெனி மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் டாக்டர். குட்டி சிக்கிக்கிட்டு இருக்கு."

கண்ணாடிக்கு வெளியே டாக்டரின் அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குண்டு என்ற அவளுடைய நாய் செத்து ஏழு மாதமாகிறது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அதன் காதுத் தோலை வைத்து அச்சு அசலாக இன்னொரு குண்டுவை உண்டாக்கித் தருகிறோம் என்று இந்தக் கம்பெனி சொன்னதும் தலையாட்டிவிட்டாள். தங்கை எவ்வளவோ தலையில் அடித்துக்கொண்டாள், காதில் ஏறவில்லை. அந்தக் கருவைச் சுமந்த பெட்டைக்குத்தான் இப்போது பிரசவம் முடியாமல் நின்றுவிட்டது. கம்பெனி மருத்துவர் வெளியூரில். அவசரத்துக்கு அக்கா ஓடி வந்தது தங்கையிடம்.

டாக்டர் கீறினாள். கருப்பை பழைய தழும்பிலேயே கிழிந்திருந்தது. ரத்தம் குபுக்கென்று பொங்கியது. குட்டியை வெளியே எடுத்தாள். நீலம் பாரித்திருந்தது, மூச்சில்லை. நர்ஸ் இரண்டு கையாலும் கிழிசலை அழுத்திப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் தாய் போய்விடும்.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அவனைப் பாருடி! முதல்ல அவனைப் பாரு!"

"குட்டியைப் பாருங்க டாக்டர்," என்றார் மேலாளரும். "தாய் போனாப் போகட்டும், எங்ககிட்ட வேற இருக்கு."

டாக்டர் குட்டியைத் துணியோடு அக்காவின் கையில் திணித்தாள். "நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே இரு. வாயைத் துடை. விட்டுடாதே."

பிறகு குனிந்து ரத்தக் குழாயைத் தேட ஆரம்பித்தாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை இடுக்கியில் அகப்பட்டது. முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது பெட்டை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் கை மட்டும் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் குட்டியை வாங்கி ஊதினாள், அழுத்தினாள். கால் மணி நேரம் கழித்துத் தலையை அசைத்தாள்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவலைப்படாதீங்கம்மா. உங்க நாயோட தோல் செல்லு பத்திரமா இருக்கு. இன்னொரு தடவை வச்சுப் பார்க்கலாம், செலவு எங்களோடது."

"எந்த வயித்துல?" என்றாள் அக்கா.

 அவள் மேசையில் கிடந்த பெட்டையை முதன்முறையாகப் பார்த்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருந்தது. கழுத்துப் பட்டையில் பெயர் இல்லை, எண் மட்டும்.

"அந்த செல்லை அழிச்சிடுங்க. இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

"அதுக்கு மேலிடத்துல கேக்கணும்..."

"தழும்பு மூணையும் படம் எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் டாக்டர். மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா தங்கையிடம் திரும்பினாள். "நீ நினைச்சிருந்தா அவனைக் காப்பாத்தியிருக்கலாம்."

"இருக்கலாம்க்கா."

அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். இப்போது தங்கையோடு இருக்கும் அந்தப் பெட்டை எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டது. ஆள் யாராவது வந்தால் வயிற்றைச் சுவரில் ஒட்டிக்கொள்வது அதன் வழக்கம். அக்கா கூப்பிடவில்லை, கை நீட்டவுமில்லை. வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தாள்.