மூன்றாவது வாய்தா

எத்தனை தரம் கட்டினாலும் முடிச்சு கோணலாகவே விழுந்தது. மிர்த்தா அப்பாவின் கழுத்திலிருந்த டையை உருவி, ஒரு முனையை நீளமாகவும் மறுமுனையைக் குட்டையாகவும் தொங்கவிட்டு, மறுபடி ஆரம்பித்தாள். சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார் அனிபல். உயிரோடு இருந்திருந்தால், "சட்டம் படிச்ச கை, சைக்கிள் செயின்கூட மாட்டத் தெரியாது" என்று தன் சைக்கிள் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருப்பார்.

"விடுடி, போதும். அவன் என்ன கல்யாணத்துக்கா கிளம்பறான்," என்றாள் அத்தை டெல்மிரா. அனிபலின் அக்கா. காலையிலிருந்து அழுததில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "உங்கம்மா வருவாளா மாட்டாளா? தலைமாட்டு நாற்காலி காலியாக் கிடக்கு. வர்றவன் போறவன் எல்லாம் அதையேதான் பாக்கறான்."

"வருவாங்க அத்தை."

"என்னவா வருவா? பொண்டாட்டியாவா, வாதியாவா?"

மிர்த்தா முடிச்சைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்த வாதிக்கு வக்கீலே அவள்தான்.

தலைநகர் மான்டிவிடியோவில் சட்டம் படித்துவிட்டுச் சொந்த ஊரான மேலோவுக்குத் திரும்பிய மிர்த்தா, பேக்கரிக்குப் பின்னாலிருந்த அறையில் பலகை மாட்டினாள். குடும்ப வழக்குகள் மட்டும். விவாகரத்துக்கு என்று வந்தவர்களில் பாதிப் பேர் ரொட்டி வாசனையில் பசியெடுத்து, சமாதானமாகி, பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் பேர் ஃபீஸாக ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். உருப்படியான முதல் வழக்கு என்று ஒன்று வந்தது என்றால், அது அவளுடைய அம்மா நில்டா. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேரே வந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவை விட்டுப் பிரியணும். நீ எடுத்துக்கறியா, இல்ல சதுக்கத்துல இருக்கற வழுக்கைத்தலை வக்கீல்கிட்ட போகட்டுமா?"

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"சட்டம் அதைக் கேக்குதா?"

கேட்பதில்லை. உருகுவே சட்டத்துக்கு அப்படியொரு பெருந்தன்மை. பெண் பிரிய விரும்பினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி விட்டு மூன்று முறை நீதிபதி முன்னால் வந்து, "மனசு மாறலையா?" என்ற கேள்விக்கு "மாறலை" என்றால் போதும். ஒரு வாய்தாவுக்கு வராமல் போனாலும் வழக்கு கலைந்துவிடும். மகளாக இருந்தால் காரணத்தை மறுபடி கேட்டிருக்கலாம். மிர்த்தா மேஜைக்கு வக்கீல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

சம்மன் கைக்கு வந்ததும் அனிபல் அதைச் சைக்கிள் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். பஞ்சர் ஒட்ட வரும் பெண்களிடமெல்லாம் காட்டினார். "பெத்த அப்பனையே கோர்ட்டுக்கு இழுத்தவ என் மக. உன் புருஷன் எம்மாத்திரம்? போ, போய்ப் பாரு!" மிர்த்தாவின் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்.

முதல் வாய்தாவுக்கு வக்கீல் வைக்காமல் வந்தார். "எனக்கெதுக்கு? அதான் உள்ள என் மக இருக்காளே." அவர் பக்கத்தில் வக்கீலுக்கான நாற்காலி காலியாகவே இருந்தது. டை கட்டத் தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். வாதியான நில்டா எழுந்து போய், "நில்லு" என்று சொல்லி, பிரதிவாதிக்கு டை கட்டி, காலரைத் தட்டிவிட்டாள். பிறகு உள்ளே போய் "மாறலை" என்றாள். இரண்டாவது வாய்தாவிலும் இதே கதைதான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பிரிவு இல்லை. மிர்த்தா தேடிப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது வாய்தா நாளைக்கு. இன்று காலை, சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அனிபல் களைப்பாக இருக்கிறது என்று முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தபோது நில்டா வந்தாள். கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ளும் அதே கருநீலக் கோட்.  டெல்மிரா தலைமாட்டு நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். நில்டா உட்காரவில்லை. மகளிடம் வந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"அடக்கம் பத்து மணிக்கும்மா."

"வாய்தாவைக் கேட்டேன்."

"அதுவும் பத்துதான். ஆனா இனி வாய்தா கிடையாதும்மா. கேஸ் முடிஞ்சு போச்சு."

"யார் முடிச்சா?"

மிர்த்தா பெட்டியைப் பார்த்தாள். "அப்பா."

"அவர் எப்பவும் இப்படித்தான்," என்றாள் நில்டா. "நான் பேசி முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிடுவார்."

"சட்டப்படி நீ இப்ப அவரோட விதவைம்மா."

"நான் அதையா கேட்டேன்?"

அப்போதுதான் நீதிபதி பெருட்டி நனைந்த தொப்பியோடு உள்ளே வந்தார். சின்ன ஊர், யார் வீட்டு இழவுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. அத்தைக்குக் கை கொடுத்தார், மிர்த்தாவின் தோளைத் தொட்டார். நில்டா கோர்ட்டில் நிற்பதுபோல நேராக நின்றாள்.

"ஐயா, ரெண்டு தடவை சொல்லிட்டேன். இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு."

"இனி அவசியம் இல்லம்மா."

"எனக்கு அவசியம்."

"அடியே, செத்தவன் முன்னாடியாடி!" என்றாள் டெல்மிரா.

நீதிபதி மிர்த்தாவைப் பார்த்தார். மரணத்தோடு வழக்கு அற்றுப்போகும் என்பதற்கான பிரிவு அவளுக்கு மனப்பாடம். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தாள்.

"என் கட்சிக்காரர்... சொல்ல விரும்பறாங்க, ஐயா."

பெருட்டி தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "நில்டா அம்மா, மனசு மாறலையா?"

 நில்டா பெட்டியருகே போனாள். மகள் கட்டியிருந்த கோணல் முடிச்சை அவிழ்த்தாள். "நில்லு," என்றாள், பழக்கத்தில். வேகமாகக் கட்டி, மேலே ஏற்றி, காலரை மடித்து, இரண்டு தட்டுத் தட்டினாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பினாள்.

"மாறலை."

நீதிபதி தலையசைத்தார். டெல்மிரா சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நில்டா சுவரோரமாக, பள்ளிச் சமையலறைப் பெண்களோடு போய் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்தாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. மகளுக்காக அதைக் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

மிர்த்தா அந்த நாற்காலியைப் பார்த்தாள். கோர்ட்டில் அவளுடைய இடம் அதுதான்.

யாரோ மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்கள். அதை வாங்கிக்கொண்டு அவள் கூடத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். தலைமாட்டு நாற்காலியைப் பெட்டியை ஒட்டி நகர்த்திப் போட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.