குருவி குறுக்கே போன கணக்கு

லாண்டரிக்காரர் மகளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அவளுடைய அத்தை. பிறந்தபோது வைத்த பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவோடு சரி. பல் முளைப்பதற்கு முன்பே வீட்டு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றியவள் என்று அத்தை சொல்வாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் பதினைந்து வயதுக்குள் அந்த வீட்டில் அவள் திறந்து பார்க்காதது அத்தையின் வாய் மட்டுமே என்று அப்பா சொன்னது ஏறக்குறைய உண்மை. அத்தையின் வாயை யாரும் திறக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் துருவிக்கு மைக்ரோகண்ட்ரோலர் பைத்தியம் பிடித்திருந்தது. எழுதிக்கொடுத்த கட்டளைப்படி வேலை செய்யும், தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு போர்டு. அதன் நடுவில் கரப்பான்பூச்சி மாதிரி கால்களோடு ஒரு சிப். கடையில் இருந்ததிலேயே மலிவான நகலைத்தான் வாங்கியிருந்தாள். லேப்டாப், அம்மா வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் வேண்டாம் என்று கழித்தது. அதன் திரையில் ஒரு மூலை கறுத்துப் போயிருந்தது. அரைப்புள்ளி விசையும் இல்லை. ப்ரோகிராமிலோ வரிக்கு வரி அரைப்புள்ளி வைத்தே ஆக வேண்டும். இணையத்தில் எங்கிருந்தோ ஒரே ஒரு அரைப்புள்ளியைப் பிரதி எடுத்து, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டே போனாள்.

முதல் நாள் அந்தப் போர்டிலிருந்த சின்ன விளக்கு அவள் சொன்னபடி மினுக்கியது. எண்ணை மாற்றினாள், வேகமாக மினுக்கியது. மறுபடி மாற்றினாள், தூங்கி வழிகிறவன் கண் மாதிரி மெதுவாக மினுக்கியது. மின்சாரத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தபோதும் அப்படியே மினுக்கியது. தான் எழுதியதை ஒரு கல் துணுக்கு நினைவில் வைத்திருக்கிறது என்பதை நினைத்தபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தையை இழுத்து வந்து காட்டினாள்.

"விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அதானே? நம்ம பின்கட்டு ட்யூப்லைட் பத்து வருஷமா இதைத்தான்டி பண்ணுது" என்றாள் அத்தை.

அத்தை சொன்னது துருவிக்கு உறுத்தியது. உருப்படியாக ஒரு வேலையை இதற்குக் கொடுக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தாள். வேலை சுவரிலேயே இருந்தது.

லாண்டரியின் பின்சுவரில், கூரைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை உண்டு. பழைய நீராவிக் குழாய் வெளியே போன வழி. குழாயைக் கழற்றிய பிறகு ஓட்டையை அடைக்கவில்லை. அதில் ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. உள்பக்கம் இஸ்திரி மேசையில் வைக்கோல் துணுக்கு விழும். வெளிப்பக்கம் முற்றத்தில் காயும் விரிப்புகளில் எச்சம் விழும். ஒரு ஹோட்டலிலிருந்து மூன்று விரிப்புகள் திரும்பி வந்தன. கொண்டுவந்த மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை. விரிப்பை விரித்து, அந்த இடத்தை மட்டும் விரலால் காட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"சிமெண்டு வாங்கி வச்சாச்சு. வர்ற வாரம் அடைச்சுடப் போறேன்" என்றார்.

"உள்ளே குஞ்சு கத்துதுடா தம்பி" என்றாள் அத்தை. அவள் அப்பாவுக்கு அக்கா. இஸ்திரி மேசை அவளுடைய ராஜ்ஜியம்.

"கத்தட்டும். ஆத்தாளும் அப்பனும் நாள் பூரா கரண்டு கம்பியில உக்காந்து ஊர்வம்பு பேசுதுங்க. எப்பவாவது ஒரு தடவை உள்ளே எட்டிப் பாக்குதுங்க. இதுங்களுக்கு நான் இடம் குடுக்கணுமா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும்ப்பா?" என்று துருவி கேட்டாள்.

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் அத்தை. "இருபது தடவை வருமா?"

"முப்பதுன்னே வச்சுக்கோ" என்று அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார்.

அன்று மாலையே துருவி பழைய சாமான் கடைக்குப் போனாள். அடியில் உருண்டை வைத்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றும், உடைந்த டி.வி. ரிமோட் ஒன்றும் குப்பை விலையில் கிடைத்தன. ரிமோட்டின் நெற்றியில் ஒரு விளக்கு இருக்கிறது. அது எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. மவுஸுக்குள் அந்த ஒளியை மட்டும் பார்க்கும் ஒரு கண் இருக்கிறது. ஓட்டையின் ஒரு விளிம்பில் விளக்கு, எதிர் விளிம்பில் கண். நடுவில் எது போனாலும் ஒளி மறையும். போர்டு ஒன்று கூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் யோசனை.

விளக்கு எரிகிறதா என்று பார்க்க அத்தையின் ஃபோன் கேமராவை அதன் முன் பிடித்தாள். வெறும் கண்ணுக்கு இருட்டாக இருந்த இடத்தில், திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு ஒளிர்ந்தது. அத்தை ஃபோனை விலக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. திரும்ப வைத்தாள், ஊதா.

"ஏண்டி, இத்தனை வருஷமா நாம சேனல் மாத்தும்போதெல்லாம் இது எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது அத்தை. நமக்குத்தான் தெரியல."

அத்தை ஃபோனை மறுபடியும் விளக்கின் முன் கொண்டுபோனாள்.

ஏணி வைத்துப் பொருத்தியதும் குருவிகள் பயந்து கம்பியிலேயே உட்கார்ந்துவிட்டன. உள்ளே குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்று துருவி ஏணியில் கால் வைத்தபோது தாய்க்குருவி விர்ரென்று உள்ளே போனது. ஒளி மறைந்தால் எரியும்படி அவள் வைத்திருந்த சிவப்பு விளக்கு ஜன்னலோரத்தில் பளிச்சென்று எரிந்து அணைந்தது. துருவி ஏணியின் முதல் படியிலேயே நின்று சிரித்தாள்.

ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாகப் படியவில்லை. முதல் மாலை லேப்டாப்பை இணைத்தபோது எண் பூஜ்யம் என்று காட்டியது. கேபிளைச் செருகிக் கேட்ட கணத்தில் போர்டு புதிதாகப் பிறந்து அதுவரை எண்ணியதை மறந்துவிடுகிறது என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு மூலை அந்தச் சிப்பிலேயே இருந்தது. எண்ணை அங்கே எழுதிவைக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்து, ஒரு குருவி போனால் ஏழு என்று எண்ணியது. இறக்கை, உடல், வால், கால் என்று ஒவ்வொன்றும் ஒளியைத் தனித்தனியே வெட்டியிருக்கிறது. குருவி ஒரு தடவை சிறகடிப்பதற்குள் இந்தச் சிப் பல நூறு தடவை பார்த்துவிடுகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு அவசரக்காரக் கண்ணை அவள் வாழ்நாளில் சந்தித்ததில்லை. ஒன்று எண்ணியதும் அரை நொடி கண்ணை மூடிக்கொள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். வெயிலிலும் அதே ஒளி கலந்திருந்து குழப்பியதால், கறுப்புப் பேனா மூடியின் நுனியை வெட்டிக் கண்ணுக்கு மாட்டினாள்.

அதற்கும் மறுநாள் மாலை வந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் துருவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐந்நூறுக்கும் மேல். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஒன்று என்று பாதியாக்கினாலும் இருநூற்று அறுபதுக்குப் பக்கம்.

"முப்பது எங்கே, இருநூத்தறுபது எங்கே? எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.

ப்ரோகிராமை வரிவரியாகப் படித்தாள். தப்பு அகப்படவில்லை. கண்ணிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பியை மாற்றினாள். அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே எண்.

"நேரா பாத்துட்டா போச்சு" என்றாள் அத்தை. "நாளைக்குக் காலையில ஹோட்டல் துணி வராது, உனக்கும் லீவு. உக்காருவோம். நான் எண்றேன். உன் கரப்பான்பூச்சி ஜெயிக்குதா நான் ஜெயிக்கறேனா பாத்துடலாம்."

மறுநாள் காலை போர்டின் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, முற்றத்தில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அத்தை மடியில் துணிக்கிளிப்புகளைக் கொட்டிக்கொண்டாள். குருவி உள்ளே போனால் ஒரு கிளிப் எதிரே இருக்கும் கூடைக்குள் போகும். முதலில் அத்தை கதை பேசிக்கொண்டேதான் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. பேச நேரமில்லை. ஆண் வரும், அலகில் பச்சைப்புழு. அது வெளியே பறக்கும்போதே பெண் கம்பியில் காத்திருக்கும், அதன் அலகில் ஒரு ஈ. மதிலுக்கு அந்தப் பக்கம் மறையும், மூச்சு விடுவதற்குள் திரும்பும். மழைத்தூறல் விழுந்தது, அப்போதும் வந்தன. தெருப்பூனை மதில்மேல் நடந்தது. ஆண்குருவி பூனையின் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வட்டமிட, பெண் அந்தச் சாக்கில் உள்ளே போய் ஊட்டிவிட்டு வந்தது. அத்தையின் மடியில் கிளிப் தீர்ந்தது. கூடையிலிருந்து எண்ணி எடுத்து, சுவரில் கரியால் கோடு கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"இத்தனை வருஷமா இந்த முற்றத்துல துணி காயப்போடறேன்" என்றாள் மெதுவாக. "தலைக்கு மேல இப்படி ஒரு வேலை நடந்திருக்கு."

மத்தியானம் துருவி லேப்டாப்பை மாட்டினாள். எண்ணைப் பாதியாக்கினாள். அத்தையின் கணக்கைவிட ஒன்று கூடுதல்.

"பாத்தியா, உன் மிஷின் ஒண்ணு கூட்டிச் சொல்லுது!" என்று அத்தை துள்ளினாள். பிறகு முகம் மாறியது. "இரு இரு. அந்தத் தும்மல்... நான் தும்மினப்போ நீ என்னைப் பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"அப்போ ரெண்டு பேருமே அதைப் பாக்கலை."

இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் போர்டைப் பார்த்தார்கள். அவர்கள் இருவருக்கும் தெரியாமல் ஒரு குருவி உள்ளே போய் வந்ததைப் பார்த்தது உலகத்தில் அது ஒன்றுதான்.

அப்பாவுக்குச் செய்தி போனது. அவர் நேராக வந்து ஏணியில் ஏறினார். ஓட்டைக்கு முன்னால் விரலை ஆட்டினார். ஜன்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை. எரிந்தது. வேண்டுமென்றே மிக வேகமாக ஒரு வீச்சு வீசினார். அதற்கும் எரிந்தது. இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருநூத்தறுபதா?"

"ஆமாப்பா. ரெண்டும் சேந்து."

"அக்கா, நாம ரெண்டு பேரும் மூச்சுவிடாம தேய்ச்சா ஒரு நாளைக்கு எத்தனை சட்டை?"

"இருநூறு தாண்டினா அன்னிக்கு எனக்குக் கை என்னோடது இல்லைடா."

அப்பா கம்பியைப் பார்த்தார். குருவி இரண்டும் தோளோடு தோள் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தன. ஒரு கணம்தான். பிறகு இரண்டும் இரண்டு திசையில் போயின.

"ஊர்வம்பு பேசுதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அன்று மாலையே துணிக்கொடியை அவிழ்த்து முற்றத்தின் மறுபக்கச் சுவரில் கட்டினார். இஸ்திரி மேசைக்கு மேலே பழைய விரிப்பு ஒன்றைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டினார். சிமெண்டு மூட்டை மூலையில் இறுகிக் கல்லாகிப் போனது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய துருவி சிவப்பு விளக்கு விடாமல் எரிவதைக் கண்டாள். கண்ணின் கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து ஏணியை எடுத்தாள்.

"ஏறாதே" என்று அப்பா அவள் தோளைப் பிடித்தார். "மேல பாரு."

ஓட்டையின் விளிம்பில், சரியாக ஒளி போகும் இடத்தில், ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. வாயோரம் மஞ்சள். தலையில் இன்னும் உதிராத இரண்டு பஞ்சுமுடி. எதிரே கம்பியில் தாயும் தகப்பனும் வெறும் அலகோடு உட்கார்ந்து கூப்பிட்டன. அத்தை உள்ளே போய்ச் சுழலும் மிஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு வந்தாள். அந்த லாண்டரியில் வேலை நாளில் அப்படி ஒரு நிசப்தம் அதற்கு முன் இருந்ததில்லை.

குஞ்சு பறக்கவில்லை, விழுந்தது. விழுந்துகொண்டே சிறகை விரித்து, மறுபக்கக் கொடியில் தொங்கிய ஹோட்டல் விரிப்பில் நகத்தால் தொற்றிக்கொண்டது. அது விரிப்பின்மேல் ஒரு எச்சம் போட்டது. போட்டுவிட்டு எழும்பி, மதிலைத் தொட்டு, மதிலுக்கு மேலே போய், கூரைகளுக்கு மேலே ஒரு புள்ளியானது. ஜன்னலில் விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. அது மறுபடி எரிந்தபோது அடுத்த குஞ்சு விளிம்புக்கு வந்திருந்தது. பிறகு மூன்றாவது.

மூன்றும் போன பிறகும் மூவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள். துருவிக்குக் கழுத்து வலித்தது. பள்ளிக்கூட மணி அடித்திருக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை.

"எங்கே போயிருக்கும்னு அதுக்குத் தெரியுமா?" என்று அப்பா போர்டைக் காட்டிக் கேட்டார். கிண்டலாக இல்லை, மெய்யாகவே கேட்டார்.

"தெரியாதுப்பா. குறுக்கே போனது மட்டும்தான் தெரியும்."

அப்பா தலையாட்டினார். அத்தை அந்த விரிப்பைக் கொடியிலிருந்து உருவி, கறை பட்ட இடத்தைத் தண்ணீரில் நனைத்துக் கசக்க ஆரம்பித்தாள்.