டாக்டர் குடிக்காத காபி

1
இந்தக் கதை எங்கள் குலத்தின் ஷேக்கான என் அண்ணன் தைஃபுல்லாவின் விருந்தறையில் நடந்தது. எழுதாதே என்றார். எழுதுகிறேன். ஆனால் எங்கள் குடும்பப் பெயருக்குப் பொருந்தாத எதையும் வாசகர் இதில் காணமாட்டார்.

2
முதல் தொடக்கம்: ‘எங்கள் கராக் மலையில் காற்று ஊளையிட்டது.’ அன்று காற்றே இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: சுகாதார அமைச்சகத்து டாக்டர் ரக்கான், பெண் கேட்க வருபவர்போலப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டது பெண்ணை அல்ல, ஒரு சட்டத்துக்குச் சம்மதத்தை: திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு இரத்தப் பரிசோதனை. காபி வந்தது. எங்கள் வழக்கப்படி, கேட்டது கிடைக்கும்வரை வந்தவர் குடிப்பதில்லை. குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு.

3
“குடிங்க டாக்டர்.”

“சரின்னு சொல்லுங்க ஷேக், குடிக்கிறேன்.”

“எங்க ரத்தத்துல என்னய்யா குறை? ஆட்டுக்குப் பல் பாக்குற மாதிரி மாப்பிள்ளைக்குப் பாப்பீங்களோ?”

“ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறை இருந்தா, பிறக்குற பிள்ளைக்கு ரத்தம் ஊறாது ஷேக்.”

“சட்டம் போடறது நீங்க. போட்டுட்டுப் போங்களேன்.”

“போடலாம். நீங்க முகம் சுளிச்சா தெற்கே ஒருத்தனும் மதிக்கமாட்டான். உங்க ஆளுங்க நாடாளுமன்றத்துல கையே தூக்கமாட்டாங்க.”

“அது தெரிஞ்சுமா வந்தீங்க?”

“அது தெரிஞ்சுதான் வந்தேன்.”

உள்ளேயிருந்து, மகன் மித்காலின் பெயரால் அண்ணனை அழைக்கும் அண்ணியின் குரல்: “அபூ மித்கால்! காபி ஆறுது, ஊரே சிரிக்கும்!”

4
[அண்ணனின் மூத்த மகளை எங்கள் சிற்றப்பா மகனுக்குக் கொடுத்தோம். அவர்களின் பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றியும்—]

இந்த வாக்கியம் வேண்டாம். பிள்ளையைக் கொண்டுபோனது காய்ச்சல்.*

* காய்ச்சல்தான். ஆறு ஆண்டு நீடித்தது.

அண்ணன் தம்பி பிள்ளைகள் மணப்பது எங்கள் வழக்கம்; அண்ணனின் இளைய மகள் நௌஃபாவுக்கும் என் மகன் மிஷாலுக்கும் அடுத்த மாதம் திருமணம். ஆசிரியர் நடுநிலையானவர் என்று எண்ணியிருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

5
முடிவு அ: அண்ணன் சம்மதிக்கிறார். டாக்டர் குடிக்கிறார். சட்டம் வருகிறது, முதல் ஊசி எங்கள் வீட்டுக் கையில் இறங்குகிறது. அதில் என்ன வரும் என்று—

முடிவு ஆ: மறுக்கிறார். டாக்டர் எழுந்து போகிறார். திருமணம் சிறப்பாக நடக்கிறது. பிள்ளை பிறக்கிறது. [காய்ச்சல்—]

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அண்ணன் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளையோட அப்பன் நீதானே. நீயே சொல்லு.”

அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. இந்தக் கதையில் நான் ஒரு பாத்திரமாக வருவதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை.

எங்கள் வீட்டு விஷயத்தில் வெளியார் கருத்துச் சொல்வதை நான் என்றுமே விரும்பியதில்லை. இருந்தாலும், வாசகரே, கோப்பையில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது. சொல்லுங்கள்.