அந்திரேயாவின் தோள்

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன் நான். பெயர் தொனாத்தோ. தவக்காலம் முழுக்க ஓவியர் ஒனோஃப்ரியோவின் பட்டறையில் சட்டையில்லாமல் நின்றேன். கறுப்பு பூசிய சுவர், உயரத்தில் ஒரே ஜன்னல். அந்த வெளிச்சம் என்மேல் மட்டும் விழும். முதலில் சிலுவைக் கட்டையில் கையைக் கட்டி உடம்பை வரைந்தார். பிறகு ஒரு கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்லி முகத்தை வரைந்தார்.

"கயிறு எதுக்கு மேஸ்திரி?"

"நீதான்டா புனித அந்திரேயா. பேசாம இழு."

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோயிலில் படத்தைத் திறந்தார்கள். சிலுவையில் என் உடம்பு. கழுத்துக்கு மேலே, படம் வரையச் சொன்ன கம்பளி வியாபாரியின் முகம், வெளிச்சத்தில் குளித்துக்கொண்டு. ஓரத்து இருட்டில், அவரைச் சிலுவையில் கட்டக் கயிறு இழுக்கும் கொலைகாரனுக்குத்தான் என் முகம்.

படத்தில் கொலைகாரனைக் கண்டால் எங்கள் பெண்கள் கொண்டை ஊசியால் கண்ணைச் சுரண்டிவிடுவார்கள். ஒரே வாரத்தில் என் இரண்டு கண்ணும் போயின. என் மகள் வியோலாந்தேயைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த மீன்காரி போர்ட்சியா வீடு தேடி வந்தாள்.

"கோச்சுக்காதீங்க சம்பந்தி. கொலைகாரன் வீட்டுல பொண்ணு எடுத்தான்னு ஊரே சிரிக்கும். அப்புறம் என்கிட்ட எவ மீன் வாங்குவா?"

"அது வெறும் படம்மா."

"படந்தான். ஆனா அந்தக் கண்ணைச் சுரண்டினதுல நானும் ஒருத்தி. அச்சு அசலா நீங்க."

நேரே ஓவியரிடம் போனேன். "என் மொகத்தை அழிங்க."

"ஒருத்தன்மேல வெளிச்சம் விழணும்னா இன்னொருத்தன் இருட்டுல நிக்கணும்டா."

"அது எப்பவும் நானா?"

"உனக்குத்தான் நல்லா நிக்க வருதே" என்று தூரிகையைக் கழுவினார். அந்தக் கழுவு தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றிவிட்டு வந்தேன்.

ஞாயிறு பூசை நடுவில் எழுந்துபோய் அந்தப் படத்தின் கீழே நின்று சட்டையைக் கழற்றினேன். சுமை ஏறி ஏறி வலது தோளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு. அதன் கீழே பீப்பாய் இரும்பு கிழித்த தழும்பு. அந்திரேயாவின் தோளிலும் அதே முடிச்சு, அதே தழும்பு.

"கம்பளிக்காரரையும் சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. இந்த முடிச்சு எங்க இருக்குன்னு பார்ப்போம்."

சாமியார் கத்தினார். வியாபாரி மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டார். போர்ட்சியா எழுந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள். விரலை முத்தமிட்டு, அந்திரேயாவைத் தொடுவதுபோல என் தோள் முடிச்சைத் தொட்டாள். என் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சட்டையைப் போடுங்க. பொண்ணு வரட்டும். கல்யாணத்துக்கு நீங்க மட்டும் வராதீங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டேன். பொத்தானைக் கழுத்துவரை மாட்டினேன்.